கோழிக்குப் போடாத ஊசி

அம்மணிக்கு,

போனில் சொல்ல நாக்கு எழவில்லை. போத்தனூரில் உன் அம்மா வீட்டில் குழந்தை உண்டாவதற்காக நீ விழுங்கும் மாத்திரைகள் இனி வேண்டாம்.

குறை உன்னிடம் இல்லை. நன்றாக இருந்த உடம்பு இன்னும் ஏறட்டும் என்று ஜிம்மில் நான் போட ஆரம்பித்த ஹார்மோன் ஊசிதான் காரணம். டாக்டர் போன மாதமே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் என் அம்மா உன்னை ஏசியபோது வாய் திறக்காமல் நின்றேன்.

பல்லடம் பண்ணைக்கு வருகிறவர்களிடம், "நம்ம கோழிக்கு ஹார்மோன் ஊசியெல்லாம் போடறதில்லைங்க" என்று தினமும் சத்தியம் செய்கிறவன் நான்.

நிறுத்தினால் சரியாகலாமாம். இரண்டு முறை நிறுத்தினேன். கட்டிலை விட்டு எழ முடியவில்லை.

திரும்பி வா என்று எப்படிக் கூப்பிடுவேன்? இன்று காலையும் ஊசி போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

உன் வீட்டுக்காரன்