நீர்நண்பனுக்குப் போட்ட ஒப்புதல்

திண்டிவனம்,
ஞாயிறு காலை.

அன்பு மகள் கலைப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. புனேயில் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

சித்திரையில், கிணற்று மோட்டாரைப் போனிலேயே ஓட்டவும் நிறுத்தவும் நீ செய்த செயலியில் ஒரு சொல்லைத் திருத்திவிட்டு, பதிவு அலுவலகம் முழுக்க பாதுஷா கொடுத்தவன் நான். பத்திரம் எழுதும் அம்சா, "ஒரு வார்த்தைக்கு ஒரு கிலோவாண்ணே?" என்று மானத்தை வாங்கினாள். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு அந்தக் கொழுப்பு கூடாதுதான்.

நீ சொன்ன வழியில்தான் ஆரம்பித்தேன். ஓப்பன் சோர்ஸ் என்றால் யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தம் அனுப்பலாம். புதிதாக வருகிறவன் விதிமுறையைப் படிக்கவேண்டும், சின்னப் பிழையில் தொடங்கவேண்டும், புரியாததைக் கேட்கவேண்டும் என்றாய். அனுப்பியவரைத் தவிர இன்னொருவர் படித்து ஒப்பினால்தான் உள்ளே போகும் என்று எனக்கும் அந்த உரிமையைக் கொடுத்தாய்.

வைகாசியில் 'நீர்நண்பன்' என்று ஒருவர் வந்தார். முகம் தெரியாது, ஊர் தெரியாது. அனுப்பியதெல்லாம் சின்னத் திருத்தம், எல்லாம் சரி. ஒவ்வொன்றிலும் "அய்யா, உங்க பார்வைக்கு" என்பார். என்னை அய்யா என்றவர் அவர் ஒருவர்தான். ஆவணியில் தமிழ்ச் சொற்களோடு நாற்பது வரி கோடிங்கும் வந்தது. ஒன்றும் புரியவில்லை. அலுவலக வாசலில் "சாட்சி ஒண்ணு கொறையுது" என்று யார் கூப்பிட்டாலும் படிக்காமல் கையெழுத்துப் போட்டு டீ வாங்கிக் குடிப்பேனே, அதேபோல ஒப்புதல் போட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் கண்டமங்கலத்தில் அப்பாதுரை மோட்டார் தானாக ஓடியது. கரண்ட் கோளாறு என்று சிரித்தோம். பிறகு ஐந்து கிணற்றில் ஓடியது. நேற்று பெரியசாமி பெல்ட் மாட்டும்போது ஓடி, தோளில் கிடந்த துண்டைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டது. கை ஒரு சாண் தள்ளியிருந்ததால் தப்பியது. இங்கே எல்லாரையும் ஃப்யூஸைப் பிடுங்கச் சொல்லிவிட்டேன். வேறு ஊர்களில் யார் யார் வைத்திருக்கிறார்கள் என்று உனக்குத்தான் தெரியும்.

இன்று காலை நீர்நண்பனிடமிருந்து இன்னும் நூறு வரி வந்திருக்கிறது. "அய்யா, இதுவும் உங்க பார்வைக்கு. மகளைத் தொந்தரவு பண்ண வேணாம்" என்று கீழே இருக்கிறது. நீ என் மகள் என்று அவருக்கு நான் சொன்னதே இல்லை.

அதைத் தொடவில்லை. நாலு தரம் போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. அதனால்தான் இந்த மெயில். பார்த்ததும் அந்த நாற்பது வரியை எடுத்துவிடு. என் உரிமையையும் எடு, கோபிக்கமாட்டேன். முகம் தெரியாதவர் யார் வந்தாலும் கதவைத் திறக்காதே. மாரியாத்தா துணையிருப்பாள்.

நேற்று பெரியசாமி கிணற்று மேட்டில் அப்பாதுரை என்னைப் பார்த்து, "யோவ் செல்வகுமாரு, உம் பொண்ணு ஆளக் கொல்லப் பாத்தாளேய்யா" என்றான். எல்லாரும் ஆமாம் என்றார்கள். தலையைக் குனிந்து நின்றேனே தவிர, ஒப்புதல் போட்டவன் நான்தான் என்று சொல்லவில்லை கண்ணு.

இப்படிக்கு,
அப்பா