நீங்கள் விரலால் வரைந்த ஊர்

அண்ணா,

இன்று காலை, பூதலப்பட்டு சாலையோரம் நான் வேலை செய்யும் கல் அறுக்கும் பட்டறையில், புதிதாக வந்து இறங்கிய பாறையின் மேல் ஆட்கள் தண்ணீர் ஊற்றினார்கள். வெயிலில் சுட்டுக் கிடந்த கருங்கல் நனைந்ததும் எழுந்த வாசனை என்னை அப்படியே நிறுத்திவிட்டது. குவாரிக்கு வந்ததும் நீங்கள் செய்கிற முதல் வேலை அதுதான். பாறையை முழுக்க நனைத்துவிட்டு, அது காய்கிறவரை பக்கத்திலேயே நிற்பீர்கள். ஈரம் எங்கே கோடாகத் தங்குகிறதோ அங்கே விரிசல். அப்படிக் காய்கிற நேரத்தில்தான் நாம் பேசினோம்.

நான் அப்போது சித்தூரில் ஒரு கிரானைட் ஏற்றுமதிக்காரரிடம் டிரைவர். சீனாவிலிருந்து கல் வாங்க ஆட்கள் வரத் தொடங்கியிருந்த காலம். உங்களை லாட்ஜிலிருந்து ஏற்றிக்கொண்டு குவாரி குவாரியாகக் கூட்டிப்போவது என் வேலை. முதல் வருடம் உங்களோடு ஒரு மொழிபெயர்ப்பாளர் வந்தார். அடுத்த வருடம் தனியாக வந்தீர்கள். குவாரி ஆட்களிடமிருந்து பொறுக்கிய சொற்களே உங்களுக்குப் போதுமாக இருந்தன. அவற்றில் எது தமிழ், எது தெலுங்கு என்று உங்களுக்குத் தெரியாது. பேசுகிற எங்களுக்கே பல நேரம் தெரியாது. "தம்பி, ஈ ராயி பாக லேது. உள்ள உடைஞ்சுது" என்பீர்கள். கல் சரியில்லை என்று கேட்டதும் முதலாளி முகம் சுருங்கிவிடும்.

ஒருநாள், உங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று கேட்டேன். காரின் முன்பக்கம் கல் தூசி படிந்து வெளுத்திருந்தது. அதில் விரலால் வரைந்தீர்கள். மூன்று பக்கம் மலை, நடுவில் கிழக்கே போகிற ஓர் ஆறு. "இது எங்க சியென்" என்றீர்கள். எங்கள் தாலுகா மாதிரி என்று புரிந்துகொண்டேன். "மலை நெறைய. நெலம் கொஞ்சம். அதான் எல்லாரும் போறது."

அதன் பிறகு பல மாதங்கள், ஒவ்வொரு கல்லும் காய்ந்துகொண்டிருந்தபோது, அந்த ஊரின் கதையைத் துண்டு துண்டாகச் சொன்னீர்கள். வடக்கே நடந்த சண்டைகளுக்குப் பயந்து ஓடிவந்தவர்கள் உங்கள் முன்னோர்கள். நல்ல நிலமெல்லாம் முன்பே பிறர் கையில் இருந்ததால், அவர்களுக்கு மலைச்சரிவுதான் கிடைத்தது. படிப்படியாக வெட்டி நெல் போட்டார்கள். உயரத்தில் தேயிலை. மூங்கிலை ஊறவைத்துக் காகிதம் செய்து, தெப்பத்தில் ஏற்றிக் கடல் வரை கொண்டுபோய் விற்றார்கள். விற்கப் போனவர்களில் சிலர் திரும்பவில்லை; கப்பலேறி மலாயாவுக்கும் ஜாவாவுக்கும் போய்விட்டார்கள். "ஆறு எப்பவும் ஆளுங்கள கூட்டிக்கினு போவும், தம்பி" என்றீர்கள். பிறகு பஞ்சம் வந்தது. உங்கள் அப்பா சிறுவயதில் கிழங்குக் கொடியையும் மரப்பட்டையையும் தின்று பிழைத்தவர். பஞ்சம் முடிந்து சில வருடங்களில் ஆற்றின் குறுக்கே அணை கட்டினார்கள். மறுபடி கார் தூசியில் ஆற்றை வரைந்து, அதன் நடுவே உள்ளங்கையை வைத்துத் தேய்த்தீர்கள். கடைத்தெரு, கல் பாலம், உங்கள் வீடு எல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டன. ஊரார் மேலே ஏறி மறுபடி சரிவை வெட்டினார்கள். மண் மெலிதாக இருந்தது. பின்னர் நாட்டின் கதவுகள் திறந்தன. கடலோரத்தில் தொழிற்சாலைகள் முளைத்தன. உங்கள் வயதுக்காரர்கள் மொத்தமும் மலையிறங்கிப் போனார்கள். பாதிப் பேர் கல் அறுக்கப் போனார்கள். நீங்களும்தான்.

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அதிசயமாக எதுவும் தெரியவில்லை. எங்கள் ஊரான பாலசமுத்திரத்தில் எங்கள் வீட்டுக்கு நிலமே இருந்ததில்லை. கடைசியில் சர்க்கார் கொடுத்த மேட்டு நிலத்தில் போர்வெல் போட்டோம், தண்ணீருக்குப் பதில் புகைதான் வந்தது. நான் ஸ்டீயரிங் பிடித்தேன். என் மனைவி செல்வி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். எங்கள் பையன் நகரியில் என் அக்கா வீட்டில் வளர்ந்தான். நீங்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். பாறையின் மேல் கையை வைத்து, காய்ந்துவிட்டதா என்று பார்த்தீர்கள்.

கல் சந்தைக்காக முதலாளியோடு நான் உங்கள் நாட்டுக்கு வந்தபோது, அவர் கடலோர நகரத்தில் வியாபாரம் பேசிக்கொண்டிருக்க, நீங்கள் என்னை பஸ்ஸில் ஏற்றி ஊருக்குக் கூட்டிப்போனீர்கள். சுரங்கப்பாதை முடிந்தால் பாலம், பாலம் முடிந்தால் சுரங்கப்பாதை. இறங்கியதும் அசந்துபோனேன். மூன்று மாடி, நான்கு மாடி வீடுகள். எல்லாம் பூட்டிக் கிடந்தன.

"இன்னாண்ணா இது, இம்மாம் பெரிய வூடுங்க. ஒரு ஆளக் காணோமே?"

"வூடு கட்ட ஆளு வெளிய போறது. ஆளு வெளிய இருந்தா வூட்ல யாரு?" என்று சிரித்தீர்கள். சிரிப்பு இருமலில் முடிந்தது. அப்போது அதை நான் பெரிதாக நினைக்கவில்லை.

உங்கள் அப்பா நீர்த்தேக்கத்தின் கரையில் படகோடு நின்றிருந்தார். தண்ணீரைக் காட்டி என்னிடம் நெடுநேரம் பேசினார். மழை பொய்த்த வருடங்களில் கல் பாலத்தின் முதுகு வெளியே தெரியும், அன்றைக்குக் கிழவர்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று நீங்கள் மொழிபெயர்த்தீர்கள்.

பள்ளிக்கூடம் விட்டு உங்கள் மகள் வந்தாள். உங்கள் மனைவி கடலோரத்தில் செருப்புத் தொழிற்சாலையில் இருந்ததால், கைக்குழந்தையிலிருந்து அவளை வளர்த்தது தாத்தாதான். வாசலில் நின்ற நம் இருவரையும் பார்த்து, மரியாதையாகத் தலை குனிந்து ஒரே சொல்லைச் சொன்னாள். உங்கள் அப்பா அவளை அதட்டினார். அவள் தாத்தாவின் பின்னால் போய் நின்றுகொண்டாள். என்ன சொன்னாள் என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"மாமா. ரெண்டு பேரும் மாமா" என்றீர்கள்.

திரும்பும் பஸ்ஸில் ஏறினோம். பிறகு, ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "உம் பையன் உன்ன இன்னான்னு கூப்புடறான்?" என்றீர்கள்.

"நைனான்னுதாண்ணா. போன்ல."

"போன்ல" என்று திரும்பச் சொன்னீர்கள். அவ்வளவுதான்.

அடுத்த முறை நீங்கள் சித்தூர் வந்தபோது நான் கார் ஓட்டுவதை விட்டு, அதே முதலாளியின் இந்தப் பட்டறையில் மேற்பார்வைக்கு வந்திருந்தேன். தூசி அடங்கத் தண்ணீர் ஊற்றாமல் கல் அறுக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளைப் புகைக்குள் நான்கைந்து பேர் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு நின்றார்கள். நீங்கள் வந்த வேகத்தில் சுவிட்சை அணைத்தீர்கள். உங்கள் மொழியிலேயே கத்தினீர்கள். உங்களை நான் அப்படிப் பார்த்ததில்லை. முதலாளி ஓடிவந்தார்.

"சார், நீள்ளு லேது சார். டேங்கர் ராலேது, ஏம் சேத்தாம்?"

"தண்ணி இல்லன்னா மிஷின் இல்ல. மிஷின் இல்லன்னா வேற வேல செய்யி. இப்பிடி ஓட்னா உங்கிட்ட ஒரு கல்லு வாங்க மாட்டேன்" என்றீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக, "தம்பி, நான் பதினாறு வயசுல இந்தப் புகைல நின்னேன். இப்ப மாடிப்படி ஏற முடியல" என்றீர்கள். நெஞ்சைத் தொட்டுக் காட்டினீர்கள். "உள்ள கல்லு."

மறுநாளே தண்ணீர் டேங்கர் வந்தது. அந்தப் பயணம் முடிந்து போகும்போது இனி வரமாட்டேன் என்று சொன்னீர்கள். அப்பாவின் சரிவில் தேயிலை வைக்கப் போவதாகச் சொன்னீர்கள். மகளுக்கு அப்போது பதின்மூன்று வயதிருக்கும்.

அதன் பிறகு உங்களைக் கைபேசியில்தான் பார்த்தேன். முதலில் தேயிலைச் செடிகளைக் காட்டினீர்கள். அப்புறம் தடித்த ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நாற்காலியில். அப்புறம் மூக்கில் குழாய். "இங்க என் வயசுக்காரன் பாதிப் பேரு இப்படித்தான். எங்க ஊருக்கு இதுதான் இப்ப வியாதி" என்றீர்கள், ஊரின் விளைச்சலைச் சொல்வதுபோல. ஒருமுறை மூச்சு வாங்கிக்கொண்டே, "செல்விய வரச் சொல்லு, தம்பி" என்றீர்கள். என் மனைவியை நீங்கள் பார்த்ததே இல்லை.

நான் சொன்னேன். அவள் வந்தாள். அக்கா வீட்டிலிருந்து பையனையும் கூட்டிவந்தோம். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். அவன் இன்னும் சாப்பாடு வேண்டுமென்றால் அத்தைக்குப் போன் செய்து சொல்கிறான், அக்கா எங்களுக்குச் சொல்கிறாள். செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டு சோறு போடுகிறாள். "இருக்கட்டும், துன்றானில்ல, அது போதும்" என்கிறாள். மூன்று பேரும் ஒரே வீட்டில் களைத்துப்போய் இருக்கிறோம். ஆனாலும் ஒரே வீட்டில் இருக்கிறோம்.

நீங்கள் போன செய்தியை உங்கள் மகள்தான் அனுப்பினாள். மொழிபெயர்க்கிற செயலியில் தட்டி அனுப்பிய தமிழ், விறைப்பாக இருந்தது: "தந்தை இறந்துவிட்டார். அவர் உங்கள் பெயரைச் சேமித்து வைத்திருந்தார்." நான் என்ன பதில் போட்டேன் என்று நினைவில்லை. சில மாதங்கள் கழித்து மறுபடி எழுதினாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பாவைத்தான் தனக்குத் தெரியும், அதற்கு முன்பு அவர் எப்படி இருந்தார், எங்கள் ஊரில் அவர் சிரிப்பாரா என்று கேட்டிருந்தாள்.

எங்கே தொடங்குவது என்று தெரியாமல், பாலசமுத்திரத்துக் கிணற்றைப் பற்றி அதே செயலியில் பேசி அனுப்பினேன். ஒரு சித்திரை மாதம், குவாரியிலிருந்து வரும் வழியில், எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் பாசனக் கிணற்றைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தச் சொன்னீர்கள். சட்டை பேண்ட்டோடு மேலிருந்து குதித்தீர்கள். நான் அலறிவிட்டேன். நீங்கள் அடியில் போய் மறுபக்கம் எழுந்து, மல்லாந்து மிதந்துகொண்டு, "சின்ன வயசுல எங்க பழைய வூட்டு மேலயே நீச்சல் அடிப்பேன், தம்பி! கூரை மேல! கீழ வூடு, மேல நானு!" என்று கத்திச் சிரித்தீர்கள். மேட்டில் கடலைக்காய் பிடுங்கிக்கொண்டிருந்த பெண்களெல்லாம் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள். வெளியே வர மாட்டேன் என்று அடம்பிடித்தீர்கள்.

அவளிடமிருந்து ஒரு வரி வந்தது.

"என் தந்தைக்கு நீந்தத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது."

அண்ணா, அவளுக்குச் சேரவேண்டிய உங்கள் நல்ல வருடங்கள் என்னிடம் இருக்கின்றன. அவற்றை வாங்கிக்கொண்டோம் என்றுகூட அப்போது குவாரியில் இருந்த எங்களுக்குத் தெரியவில்லை. இப்போது வேலை முடிந்ததும் பட்டறை வாசலில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சொல்லி அனுப்புகிறேன். பல நாள் களைப்பில் வாயைத் திறக்கவே தோன்றாது. அப்போது அவளே கேட்டு எழுதுகிறாள்: "அடுத்து அப்பா என்ன செய்தார், மாமா?"