உன் பெயரை இன்னொருத்திக்கு வைத்த நாள்

அன்பு மகள் லவ்டேக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் இந்தக் குளிருக்குத் தப்பி ஒருவாறு சுகமாகவே இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அங்கே ஆஸ்திரேலியாவில், பெர்த் வெயிலில் நீயும் மாப்பிள்ளை காலினும் வாடாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். உன் கிறிஸ்துமஸ் கடிதத்துக்கு இவ்வளவு தாமதமாகப் பதில் எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. முதலில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. பிறகு பனி கொட்டத் தொடங்கித் தபால்காரர் நம் மேட்டுப் பக்கம் தலைகாட்டவே இல்லை. பிறகு நடந்ததை எழுதக் கை வரவில்லை. இப்போது பாதை திறந்துவிட்டது, கையும் ஒருவழியாக வந்திருக்கிறது.

நீ பெயரை மாற்றிக்கொள்ளப் போவதாக எழுதியிருந்தாய். ஆபீஸில் பையன்கள் தினமும், "லவ் டே இன்னைக்கா, நாளைக்கா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள், போனில் யாரிடம் பெயரைச் சொன்னாலும் எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, இனி சட்டப்படி லிண்டாதான், இப்படி ஒரு பெயரை எனக்கு ஏன் வைத்தீர்கள் என்று கேட்டிருந்தாய். அம்மா அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, கோழிகளைப் பார்த்து வருகிறேன் என்று வெளியே போனவள் நெடுநேரம் உள்ளே வரவில்லை. உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. எங்களுக்கு அப்போது அது ஒரு பெயர், அவ்வளவுதான். அம்மாவின் சித்திக்கு அந்தப் பெயர், மாவுமில்காரர் மனைவிக்கும் அதே பெயர். நான் சின்னவனாக இருந்தபோது தேவாலயத் தேநீர் விருந்தில் லவ்டே என்று கூப்பிட்டால் நாலு பக்கமும் தலைகள் திரும்பும். இப்போது பள்ளிக்கூடத்தில் விசாரித்தால், உனக்குப் பிறகு அந்தப் பெயரில் ஒரு குழந்தையும் சேரவில்லை என்கிறார்கள். எல்லாம் சூசன், லிண்டா, காரென். டெலிவிஷன் பெட்டி வைத்த வீடுகளில் படம் பார்த்துப் பெயர் வைக்கிறார்கள். உன் அண்ணன் பெட்ராக்கும் அண்ணி மோர்வெனும்கூடப் பெண் பிறந்தால் சூசன் என்று இலையுதிர் காலத்திலேயே முடிவு செய்து, அம்மா பின்னிய சின்னப் போர்வையில் எஸ் எழுத்தைத் தைக்கவும் சொல்லிவிட்டார்கள்.

மோர்வெனுக்குப் பிரசவத்துக்கு நாள் இன்னும் இருந்தது. பாதை திறந்ததும் நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. ஆனால் ஒரு நாள் காலையில் நானும் பெட்ராக்கும் பனிக்குள் புதைந்த ஆடுகளைக் கம்பால் குத்தித் தேடிக்கொண்டிருந்தபோது அம்மா வாசலில் நின்று கையை ஆட்டினாள். அவள் ஆட்டிய விதத்தைப் பார்த்ததுமே கம்பைப் போட்டுவிட்டு ஓடினோம். மோர்வெனுக்கு வலி எடுத்துவிட்டது, அதுவும் தாறுமாறாக. டெலிபோன் கம்பி அறுந்து பல நாளாகியிருந்தது. நம் டிராக்டர் எஞ்சின் குளிரில் உறைந்து வெடித்துக் கிடந்தது. பிரசவம் பார்க்கும் நர்ஸ் கீஸ்ட் இருப்பதோ கீழே ஊரில், நடந்து போய் அந்த அம்மாவை இந்தப் பனியில் மேலே கூட்டி வருவது நடக்கிற காரியமா. மேட்டில் ஓடுகிற நிலையில் இருந்த ஒரே டிராக்டர் யாருடையது என்று நான் சொல்லாமலே உனக்குத் தெரியும்.

பக்கத்து நிலத்துக்காரர் ஹானிபல் ரண்டில் வீட்டு வாசலை நான் மிதித்துப் பல வருடமாகிறது. ஊற்றுத் தண்ணீர் வழக்கு நீ இருக்கும்போதே தொடங்கியது. நீ போன பிறகு அது இன்னும் கெட்டுப்போய், போன வருடம் அவர் நம் நிலத்துக்கும் தன் நிலத்துக்கும் நடுவே இருக்கும் பாதைக்குக் குறுக்கே முள்கம்பி கட்டினார், நானும் பதிலுக்கு அவர் ஆடுகள் தண்ணீர் குடிக்கும் பக்கம் கதவு போட்டேன். சந்தையில் பார்த்தால் இரண்டு பேரும் வேறு வேறு மாட்டைப் பார்ப்போம். பெட்ராக் தான் போவதாகச் சொன்னான். அம்மா அவனை உட்காரச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்க போங்க. இல்லன்னா இந்த முழங்காலோட நான் போறேன்" என்றாள்.

போனேன். இடுப்பளவு பனியில் விழுந்து எழுந்து போய்க் கதவைத் தட்டினேன். ரண்டில் திறந்தார், உள்ளே வா என்று சொல்லவில்லை. விஷயத்தைச் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த வாசல்ல நீ நிப்பேன்னு நான் நெனச்சதே இல்ல, டிகரி" என்றார். நானும் நினைக்கவில்லை என்றேன். "கேக்கறது யாரு, நீயா, உன் மருமகளா?" என்றார். மருமகள் என்று சொல்லிவிட்டால் எனக்கு எளிது, அவருக்கும் எளிது. "நான்தான் கேக்கறேன்" என்றேன். அவர் கதவைப் பாதி சாத்திவிட்டு உள்ளே போனார். முடிந்தது, இனி என்ன செய்வது என்று நான் அங்கேயே நின்றேன், மகளே, அந்த நிற்பு என் எதிரிக்கும் வரக்கூடாது. பிறகு உள்ளே பூட்ஸ் மாட்டுகிற சத்தம் கேட்டது.

டிராக்டருக்குப் பின்னால் தட்டையான பலகைவண்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். ஊருக்கு இறங்கக் குறுக்கு வழி அந்த முள்கம்பிப் பாதைதான். ரண்டில் வண்டியை நிறுத்தி இறங்கி, இடுக்கியால் தன் கம்பியைத் தானே ஒவ்வொன்றாக வெட்டிப் பனிக்குள் எறிந்தார், என் பக்கம் திரும்பவேயில்லை. பாலத்தருகே சக்கரம் புதைந்து வண்டி ஓடைப் பக்கம் சாய்ந்தது. ஒரே மண்வாரிதான் இருந்தது, ஒருவர் தோண்ட மற்றவர் வெறுங்கையால் அள்ளினோம். அவருக்கு மூச்சு வாங்கியது, எனக்கும்தான். கவிழ்ந்தால் இரண்டு பேருமே திரும்பமாட்டோம் என்று இருவருக்கும் தெரியும். நர்ஸ் கீஸ்ட் கேட்டதுமே பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். சாக்குகளால் சுற்றிப் பலகைவண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தோம். வழியெல்லாம் அந்த அம்மா, "என்னையும் ஆட்டுக்குட்டின்னு நெனச்சிட்டீங்களா, மெதுவாப் போங்கப்பா" என்று திட்டிக்கொண்டே வந்தார். அந்தத் திட்டு எனக்கு எவ்வளவு தெம்பாக இருந்தது என்று சொல்லி முடியாது.

குழந்தை பிறந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. சூட்டுக்காக அடுப்படியை ஒட்டிய அறையில் கட்டிலைப் போட்டிருந்தோம், கதவு திறந்தே இருந்தது. நானும் ரண்டிலும் அடுப்படியில் நின்றிருந்தோம். பெண் என்று நர்ஸ் சொன்னார், அதற்குப் பிறகு அழுகைச் சத்தமில்லை. கொடி கழுத்தைச் சுற்றியிருந்ததாம். உடம்பெல்லாம் நீலம். நர்ஸ் தட்டினார், தேய்த்தார், வாயில் வாய் வைத்து ஊதினார். லேசாக மூச்சு வந்தது, நின்றது, மறுபடி வந்தது. பாதிரியார் வர வழியில்லை, தண்ணீர் கொண்டுவாருங்கள், நானே ஞானஸ்நானம் கொடுக்கிறேன், பெயரைச் சொல்லுங்கள் என்றார். அம்மா கெட்டிலிலிருந்து கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினாள், பாதி தரையில் போயிற்று. சூசன் என்று நான் சொல்லப்போனேன். அதற்குள் தலையணையிலிருந்து மோர்வென் பேசினாள்.

"சூசன் வேண்டாம். அது உயிரோட இருக்கப்போற புள்ளைக்குன்னு வெச்சது."

வேறு என்ன பெயர் என்று நர்ஸ் கேட்டார். என் பக்கத்தில் தொப்பியைக் கையில் பிடித்து நின்ற ரண்டில், "எங்கம்மா பேரு லவ்டே" என்றார், யாரிடம் என்றில்லாமல். மோர்வென் கண்ணை மூடிக்கொண்டாள். "அதையே வைங்க. அந்தப் பேரெல்லாம் கல்லறைக் கல்லுலதான இருக்கு" என்றாள்.

அவள் மேல் எனக்குக் கோபமில்லை, நீயும் படாதே. கையில் பிள்ளை போய்க்கொண்டிருக்கிறவள் என்ன சொன்னாலும் தகும். ஆனால் அந்த நேரம் எனக்கு நெஞ்சை அறுத்தது. கடலுக்கு அப்பால் அந்தப் பெயரோடு என் பெண் உயிரோடு நடமாடுகிறாள், டைப் அடிக்கிறாள், சிரிக்கிறாள் என்று கத்தவேண்டும் போல இருந்தது. அம்மா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் தண்ணீரைத் தொட்டுக் குழந்தை நெற்றியில் வைத்து உன் பெயரைச் சொன்னார். சொல்லிவிட்டு விடவில்லை, மறுபடி தேய்க்கத் தொடங்கினார், ஊதினார், தேய்த்தார். எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை. பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். பெட்ராக் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

குழந்தையை அடுப்புச் சூட்டில் வைத்த பிறகும் எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. நர்ஸ் முகமும் தெளியவில்லை. வண்டி வேண்டியிருக்குமோ என்று ரண்டிலும் போகாமல் இருந்தார். அம்மா எங்களுக்குத் தேநீரும் மிச்சமிருந்த குங்குமப்பூ பன்னும் வைத்தாள். எதிரெதிரே உட்கார்ந்து எதைப் பேசுவது. உன் ஞானஸ்நானத்தன்று பழைய பாதிரியார் பென்ஹாலோ சொன்னது நினைவுக்கு வர, அதைச் சொன்னேன். அந்தக் காலத்தில் வழக்கு வம்பு உள்ளவர்களுக்கு ஊரில் ஒரு நாள் குறிப்பார்களாம், கோர்ட் இல்லாமல் எதிரிகள் நேருக்கு நேர் வந்து பேசித் தீர்த்துக்கொள்ள. அந்த நாளுக்குத்தான் லவ்டே என்று பெயர். அன்றைக்குப் பிறந்த பிள்ளைக்கு, ஆணோ பெண்ணோ, அதையே வைப்பார்களாம். அந்த நாள் வழக்கொழிந்தது, பெயர் பெண்பிள்ளைகளிடம் தங்கியது, இங்கிலாந்தில் மற்ற இடங்களில் அதுவும் போய் நம் கார்ன்வால் பக்கம் மட்டும் மிஞ்சியது. ரண்டில் பன்னை மென்றுகொண்டே கேட்டார். "அப்ப எங்கம்மா பொறந்தது சண்டைக்காரப் பயலுங்க வீடுன்னு சொல்லு" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு, "ஊத்து விஷயத்துல நான் சொன்னது சொன்னதுதான்" என்றார். என் பேச்சும் அதேதான் என்றேன். இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது. ஆனால் வெட்டிய கம்பியை அவர் திரும்பக் கட்டவில்லை, நானும் என் கதவைக் கழற்றிவிட்டேன்.

பிறகு வந்த நாட்கள் அதைவிட மோசம். பால் குடிப்பாள், கக்குவாள், மூச்சு இழுக்கும். ரண்டில் நர்ஸைத் தினமும் கொண்டுவந்து கொண்டுபோய் விட்டார். மெல்ல மெல்லக் கன்னத்தில் நிறம் வந்தது. பதிவு செய்யப் போகும்போது சூசன் என்று முன்னால் போடச் சொன்னாள் மோர்வென். கொடுத்த ஞானஸ்நானத்தைத் திரும்ப வாங்க முடியாது என்று நர்ஸ் சொல்லிவிட்டதால் லவ்டே பின்னால் வந்தது. பதிவாளர் இளவயதுக்காரர், இப்படி ஒரு பெயரை எழுதினதே இல்லை, எழுத்தைச் சொல்லுங்கள் என்றாராம். உன் அண்ணனும் எழுத்தெழுத்தாகச் சொல்லியிருக்கிறான். அப்போது உன் ஞாபகம் வந்தது என்றான்.

ஆகவே மகளே, நீ லிண்டாவாக இரு. அப்பா மனசாரச் சொல்கிறேன், அங்கே நாள் முழுக்க அந்தப் பெயரைத் தூக்கிச் சுமக்கிறவள் நீதான், நாங்கள் இல்லை. கையெழுத்துப் போடுவதானால் போடு. அம்மாவும் சரி என்றுவிட்டாள், ஆனால் எங்கள் வாயில் பழையதுதான் வரும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்றும் உனக்கு மட்டும் சொல்கிறேன். போன ஞாயிறு மத்தியானம் நான் முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தேன். பால் புரையேறிக் குழந்தை மறுபடி நீலம் பாரித்துவிட்டது. மோர்வென் அவளைக் கவிழ்த்து முதுகில் தட்டிக்கொண்டே கூப்பிட்டது எனக்கு ஜன்னல் வழியாகக் கேட்டது. "லவ்டே, அம்மாகிட்ட வா, லவ்டே, லவ்டே" என்று. குழந்தை வீரிட்டு அழுதது. நான் உள்ளே ஓடியபோது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சூசனுக்கு ஒன்றுமில்லை மாமா, சரியாகிவிட்டது என்றாள். நானும் நல்லதம்மா என்று சொல்லிவிட்டு விறகுக்குத் திரும்பினேன்.

கர்த்தர் உங்கள் இருவரையும் நோய்நொடியில்லாமல் காக்கட்டும், உங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் குறையாதிருக்கட்டும். தொப்பி இல்லாமல் வெயிலில் போகாதே. அம்மாவுக்குத் தனியாக நாலு வரி எழுது, என் கடிதத்தின் மூலையில் இல்லை, தனியாக.

என்றும் உன் அன்புள்ள அப்பா,
டிகரி ஹாக்கிங்