உன் வேலையைச் சொல்லிவிட்டேன்

மகனுக்கு உம்மாவின் ஸலாம்.

நான் வந்து தங்கியிருக்கும் ஷார்ஜாவில், உன் தங்கச்சி வீட்டில் எல்லோரும் சுகம். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் மகள் அப்ஸானாவின் பார்மசி படிப்புக்கு ஸ்காலர்ஷிப் கேட்டு, துபாய் தேராவில் இருக்கும் நம் ஊர்ச் சங்கத்துக்கு நேற்றுப் போனேன். பெண்பிள்ளைகளின் மனுவைப் பார்ப்பது ஜுலைஹா பீவி. உன் கல்யாணப் பந்தியில், "மாப்பிள்ளை துபாயில கோப்பை கழுவத்தானே போறாரு" என்று எல்லோரும் சிரிக்கச் சொன்னாளே, அவளேதான்.

"ஆபீஸ் வேலை பாக்குறவங்க பிள்ளைக்குக் கிடையாது ராத்தா. உங்க மவன் ஜெபல் அலியில மேனேஜராமே?" என்றாள்.

அவளிடமா சொல்வது? எழுந்து வாசல் வரை வந்துவிட்டேன். பிள்ளைக்குக் கிடைத்த சீட்டு போய்விடுமே என்று திரும்பினேன்.

"லேபர் கேம்ப் மெஸ்ல பாத்திரம் கழுவுறான். போன மாசம் என் கண்ணால பாத்தேன். எழுதிக்கோ."

அவள் சிரிக்கவில்லை. டீ கொடுத்தாள். நான் குடிக்கவில்லை, அந்தப் பந்திப் பேச்சு இன்னும் எனக்கு ஆறவில்லை.

பிள்ளையிடமும் விசாரிக்க வேண்டும் என்று ஊருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அவள் மேனேஜர் என்று சொல்லிவிடுவாளே என்று போனைப் பிடுங்கப் போனேன்.

"உங்க வாப்பாவுக்கு என்ன வேலைம்மா?"

"மெஸ்ல பாத்திரம் கழுவுறாங்க. லீவுல வந்தப்பவே அவங்க வெடிச்ச கையப் பாத்து, ஊருக்கு வந்த கேம்ப் ஆளுங்ககிட்ட விசாரிச்சுட்டேன். எனக்குத் தெரியும்னு வாப்பாகிட்ட சொல்லிராதீங்க."

ஸ்காலர்ஷிப் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். இனி வெள்ளிக்கிழமை போன் போடும்போது உன் ஏசி ரூம் கதையெல்லாம் அவளிடம் வேண்டாம். அவள் உன் மனசுக்காகத்தான் "அப்படியா வாப்பா" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

உன் உம்மா