பால் போத்தலுக்குப் போட்ட தொப்பி

திங்கள்

காலையிலிருந்து மழை. கிளினிக்கில் கூட்டம் இல்லை. கவுண்டரில் உட்கார்ந்தபடியே பாப்பாவுக்குக் காலுறை ஒன்று பின்னி முடிந்தது. ஜோடி பாக்கி. இந்த மாதம் முடித்தவை: நர்ஸ் ராணிக்குக் கைத்தொலைபேசிப் பை, கார் சாவிக்கு உறை, பாப்பாவுக்கு வெள்ளைத் தொப்பி.

"இந்த வெயில்ல யாருக்குலா ஸ்வெட்டர் பின்றீங்க?" மருந்து வாங்க வந்த ஒருவர். மழை கொட்டுகிறது, வெயிலாம். ஸ்வெட்டரும் இல்லை, கம்பளியும் இல்லை. பருத்தி நூல். சிரம்பானில் கடை கடையாக ஏறி வாங்கியது. எத்தனை பேருக்குச் சொல்வது! ஊசியைக் கையில் எடுத்தாலே எல்லோருக்கும் ஒரு சிரிப்பு.

தொப்பி அண்ணியின் அலமாரியில். பிறந்த முப்பதாம் நாள் சாமி கும்பிடும் வரை பிள்ளைக்குப் புதுசு போடக் கூடாது, பழந்துணிதான். சரி, வழக்கம். அண்ணன் மகள் கவிதா பிறந்தபோதும் அப்படித்தான். இப்போது அவள் பெற்ற பிள்ளைக்கும். சனிக்கிழமை முப்பது. காத்திருக்கலாம்.

புதன்

நல்ல வெயில். வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைகிறேன், அண்ணி சமையற்கட்டில் போனில். ரந்தாவில் இருக்கும் தங்கையோடு.

"ஆமா, சாரதா ஒண்ணு பின்னி வெச்சிருக்கு. ஆனா முத முதல்ல போடுற புதுசு, புள்ள பெத்தவ கையால வந்தா நல்லதுலா."

செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அப்படியே நின்றேன்.

என் கையா? கவிதாவுக்கு வலி எடுத்ததும் மம்பாவ் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கார் ஓட்டியது எந்தக் கை? அண்ணன் வேலையில். அண்ணி பின் சீட்டில் முருகா, முருகா. பத்தியக் குழம்புக்குப் பூண்டு உரித்தது எந்தக் கை? அப்போதெல்லாம் இந்தக் கை நல்ல கை. தொப்பிக்கு மட்டும் ஆகாது. கல்யாணம் ஆகாதவள் பின்னினால் நூல் கடிக்குமா!

சண்டை போட முடியாது. வீட்டில் பச்சை உடம்புக்காரி இருக்கிறாள். தட்டை மட்டும் கொஞ்சம் சத்தமாகக் கழுவினேன்.

வெள்ளி

அண்ணி லோபாக் கடைத்தெருவுக்குப் போய்த் தொப்பி வாங்கி வந்திருக்கிறார். லேஸ், முத்து, ரிப்பன். நைலான். தொட்டாலே சொரசொர. "பாப்பா தலைய அளந்துக்கிட்டுப் போயித்தான் வாங்குனேன்." பெருமை வேறு.

என் தொப்பியைத் தேடினேன். அலமாரியில் இல்லை. கவிதாவின் அறையில், பால் போத்தலுக்கு மாட்டியிருக்கிறது!

"அண்ணி, இது என்னா?"

"இத மாட்டுனா பால் சூடு ஆற மாட்டேங்குது சாரதா. நல்லா புடிச்சுக்குது."

நல்லா புடிச்சுக்குதாம். பிடிக்காமல்? ஓரம் முழுக்க இரண்டு கண்ணி மேலே, இரண்டு கண்ணி கீழே என்று பார்த்துப் பார்த்துப் பின்னியது. இழுத்தால் விரியும், விட்டால் ஒட்டிக்கொள்ளும். தலைக்காக. போத்தலுக்கு இல்லை. உருவி எடுக்கக் கை போனது. எடுத்தால் சண்டை, நாளைக்கு விசேஷம். விட்டுவிட்டேன்.

இனி இந்த வீட்டுக்கு ஒரு கண்ணி பின்ன மாட்டேன். மற்றக் காலுறையும் அப்படியே கிடக்கட்டும்.

சனி

முப்பது. வீடு நிறைய ஆள். காலையில் மொட்டை, பாப்பா ஒரே அலறல். சந்தனம் தடவி, பட்டுச் சட்டை போட்டு, லேஸ் தொப்பியை மாட்டினார் அண்ணி. தொப்பி வழுக்கி மூக்குக்கு வந்தது. தூக்கிவிட்டார். மறுபடி மூக்கு. அளந்தபோது தலை நிறைய முடி இருந்தது. மொட்டைத் தலையில் நிற்குமா? நாவிதருக்குச் சொல்லி வைத்ததே அண்ணிதான்! நான் சாம்பாரைக் கிண்டிக்கொண்டு சிரிப்பை அடக்கினேன்.

"அம்மா, புள்ளைக்கு மூச்சு முட்டும்லா, எடுங்க!" கவிதா. போத்தலிலிருந்து என் தொப்பியை உருவிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். "அத்தை, நீங்க போட்டு விடுங்க."

எல்லோரும் பார்க்கிறார்கள். கையைத் துடைத்துக்கொண்டு போனேன். போட்டேன். காதை ஒட்டிக் கச்சிதம். அண்ணி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை சொல்லட்டும், இன்றைக்கு விடுவதில்லை என்று நானும் நின்றேன்.

அண்ணி மை டப்பாவைத் திறந்தார். தொப்பியின் முன்பக்கத்தில், கட்டைவிரலால், பெரிதாக ஒரு பொட்டு.

"ஐயோ, அண்ணி! வெள்ள நூலு! போகாது!"

"போக வேணாம், இருக்கட்டும். எத்தன பேரு பாக்குறாங்க, கண்ணு பட்டுடும்லா."

ஞாயிறு

தூறல். தொப்பியை ஊறவைத்துத் துவைத்தேன். சந்தனம் போயிற்று. மை போகவில்லை, சாம்பலாகப் பரவிக் கிடக்கிறது. ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்தால் என்ன குறைந்துவிடும்? புதன்கிழமைப் பேச்சு அப்படியேதான் இருக்கிறது. அதை நான் மறக்கப்போவதில்லை.

அண்ணி வெங்காயம் நறுக்கிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல்: "பிங்க்ல ஒண்ணு பின்னிக் குடேன். மாத்திப் போட வேணுமில்ல."

துடைப்பத்தை எடுத்தேன்.

கூட்டும்போது லேஸ் தொப்பி சோபாவுக்கு அடியில் கிடந்தது. நேற்று அதைப் போட்டபோதும் மை டப்பா அண்ணியின் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுத்துத் தூசியைத் தட்டி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன். ஒரு பொட்டு இல்லை.