உன் பெயரில் வந்த பாசமான மெயில்

அன்பு மகள் வாலுக்கு,

இங்கே நானும் அம்மாவும் மூன்று தையல் மெஷினும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்பதை நீயே எழுது, உன் பெயரில் வேறு யாராவது எழுதினால் இனி நாங்கள் நம்புவதாக இல்லை. ஏன் இப்படிச் சுற்றி வளைக்கிறேன் என்றால் போன செவ்வாய்க்கிழமை நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். அன்றைக்கு இங்கே காலை, வெளிநாட்டில் உனக்கு நடுராத்திரி, நீ தூங்குகிற அந்த நேரத்தில் அம்மா உனக்கு நாலு தடவை போன் செய்திருந்தாள், நீ எழுந்ததும் திருப்பிக் கூப்பிட்டபோது கை பட்டுவிட்டது என்று சொன்னாளே, அது பச்சைப் பொய். நாலு தடவை யாருக்காவது கை படுமா, நீயும் நம்பிவிட்டாய், அந்த விஷயத்தில் நீ என் மகள்தான். நடந்ததை நானே உட்கார்ந்து எழுத வேண்டும், ஒரு வரி விடக்கூடாது என்று அம்மா எனக்குத் தண்டனை கொடுத்திருக்கிறாள். எதிரிலேயே உட்கார்ந்து ஒரு திரைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருக்கிறாள், கண் மட்டும் என் பேனா மேலே இருக்கிறது.

முதலில் பக்கத்துக் கடை ஸ்டூடியோக்காரர் விஷயத்தைச் சொல்ல வேண்டும், அதைச் சொன்னால்தான் என் மானம் எவ்வளவு போயிற்று என்று உனக்குப் புரியும். போன மாதம் எவனோ அவருடைய மெயிலுக்குள் புகுந்து, அவருடைய வாடிக்கையாளர்களுக்கெல்லாம் அவர் எழுதுகிற மாதிரியே எழுதி, ஆல்பத்துக்கு முன்பணத்தை இந்தப் புதுக் கணக்குக்கு அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறான். பதினோரு குடும்பங்கள் அனுப்பிவிட்டன. ஒரு தப்பும் செய்யாத மனுஷன் கடை வாசலில் நின்று அத்தனை பேருக்கும் பதில் சொன்னார், இப்போது அவர்களுக்கெல்லாம் காசு வாங்காமல் படம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். நான் சும்மா இருந்தேனா? தோளில் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டு அங்கே போய், இந்தக் காலத்தில் இவ்வளவு அசட்டையாக இருக்கலாமா, நாலும் தெரிந்த நீங்களே இப்படிச் செய்யலாமா என்று ஒரு மணி நேரம் உபதேசம் செய்துவிட்டு வந்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டார். அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

செவ்வாய்க்கிழமை காலையில் கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டதும் உன் பெயரில் மெயில். உனக்குத்தான் தெரியுமே, திரையில் படித்தால் எனக்கு மண்டையில் ஏறாது, எல்லா மெயிலையும் அச்செடுத்துத்தான் படிப்பேன். அச்செடுத்துப் படித்தேன். அன்புள்ள அப்பா, உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது, நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா, அதிகம் உழைக்காதீர்கள், அம்மாவையும் ஓய்வெடுக்கச் சொல்லுங்கள், உங்களை நினைக்காத நாளே இல்லை என்று எழுதியிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீ எழுதி நாலு மாதம் ஆகிறது, போனில் கூப்பிட்டால் மீட்டிங்கில் இருக்கிறேன் அப்பா என்று இரண்டு நிமிஷத்தில் வைத்துவிடுகிறாய், அதையெல்லாம் அந்த ஒரு தாள் அடித்துக்கொண்டு போய்விட்டது. வெட்டு மேஜைக்கு மேலே குண்டூசி வைத்துக் குத்தி வைத்தேன், ஓரம் அடிக்கிற அக்காவைக் கூப்பிட்டுப் படித்தும் காட்டினேன். கடைசியில் ஒரு வரி, கடையின் மெயில் இன்றைக்கே அடைபடப் போகிறது, கீழே உள்ள நீல எழுத்தை அழுத்துங்கள் என்று. நம் பிரிண்டரில் வண்ண மை தீர்ந்து ஆறு மாதம் ஆகிறது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், நீல எழுத்து எங்கேயும் இல்லை. எல்லாம் கறுப்பாக இருக்கிறதே கண்ணு என்று பதில் போட்டேன். உடனே பதில் வந்தது, பரவாயில்லை அப்பா, பாஸ்வேர்டை எழுதுங்கள், போனுக்கு ஆறு இலக்க நம்பர் ஒன்று வரும், அதையும் அனுப்பினால் நானே இங்கிருந்து சரி செய்துவிடுகிறேன் என்று. என் மகள் எனக்காக எங்கிருந்தோ மெனக்கெடுகிறாள் என்ற பெருமையில் பாஸ்வேர்டை அனுப்பிவிட்டேன்.

அந்த நம்பர் எங்கே வந்தது தெரியுமா, அம்மாவின் போனுக்கு. நீ இந்த மெயிலை ஆரம்பித்துக் கொடுத்தபோது என்னை நம்பாமல் அவள் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனாய், அன்றைக்கு அதற்காக உன்னோடு சண்டை போட்டேன், அந்தச் சண்டையை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அம்மா வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, இது என்ன நம்பர் என்று கேட்டாள். சொன்னேன். தாளை வாங்கிப் படித்தாள். போனை மெஷின் டிராயரில் போட்டுச் சாத்திவிட்டு, "இது நம்ம பொண்ணு எழுதினதே இல்ல" என்றாள். எனக்கு வந்ததே கோபம். மகள் பாசமாக எழுதினால் உனக்கு ஏன் பொறுக்கவில்லை என்று கத்தினேன். அவள் நிதானமாக, "பாஸ்வேர்ட வெச்சுக் குடுத்ததே அவதான், அவளுக்கு எதுக்கு அது? அதுவும் போக, உங்களத் திட்டாம அவ என்னைக்கு ஒரு லெட்டர் எழுதியிருக்கா?" என்றாள். யோசித்துப் பார்த்தேன். பிரிண்டரை அணைத்தீர்களா, மாத்திரை போட்டீர்களா, ஏன் இன்னும் அந்தப் பழைய ஸ்கூட்டரில் போகிறீர்கள் என்றுதான் நீ ஆரம்பிப்பாய். ஆனாலும் மனசு ஒத்துக்கொள்ளவில்லை. அம்மா டிராயரைத் திறந்து உனக்கு நாலு தடவை போன் செய்தாள், நீ எடுக்கவில்லை. இதற்குள் அங்கிருந்து அப்பா சீக்கிரம், அப்பா சீக்கிரம் என்று மெயில் மேல் மெயில். அப்போதுதான் அம்மா ஒரு கேள்வி எழுதச் சொன்னாள். உன் அறை ஜன்னலுக்குப் புதுத் திரை தைக்கிறோம், பழையது என்ன நிறம் என்று மறந்துவிட்டது, எழுது என்று.

பதில் வர இரண்டு நிமிஷம் ஆயிற்று. அந்த இரண்டு நிமிஷமும் அது நீயாகவே இருக்க வேண்டும் என்றுதான் நான் வேண்டிக்கொண்டிருந்தேன். கடை போனாலும் பரவாயில்லை என்றுகூட நினைத்தேன், இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, அம்மா விடமாட்டேன் என்கிறாள். பதில் வந்தது. "நீலம்தான் அப்பா, எனக்கு எப்போதும் பிடித்த நீலம்." அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஊரில் உள்ள ஜன்னலுக்கெல்லாம் திரை தைத்த இந்த வீட்டில் உன் அறை ஜன்னலுக்கு ஒரு கைக்குட்டை அளவு துணிகூட மாட்டியதில்லை. நியூஸ் பேப்பர்தான் ஒட்டியிருந்தோம். அதில் இருந்த ஒரு மேட்சின் ஸ்கோரைப் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி நீ மனப்பாடமாக ஒப்பிப்பாய், தோழிகளைக் கூட்டிவரக் கூச்சமாக இருக்கிறது என்று அழுவாய், அடுத்த மாதம் தைக்கலாம் என்று நான் சொல்லியே நீ படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டாய்.

அப்புறம் அம்மா போய் ஸ்டூடியோக்காரரைக் கூட்டிவந்தாள். பட்டவருக்குத்தான் வழி தெரிந்திருந்தது, அஞ்சே நிமிஷத்தில் பாஸ்வேர்டை மாற்றி எல்லாவற்றையும் சரி பார்த்தார். மெயில் வந்தது உன் முகவரியிலிருந்தே இல்லை, பெயர் மட்டும்தான் உன்னுடையது என்று காட்டினார். அந்த ஆறு இலக்க நம்பர் மட்டும் கைமாறியிருந்தால் அவன் உள்ளே போயிருப்பான் என்றார். நம் மெயிலில் என்னவெல்லாம் இருக்கிறது யோசித்துப் பார், இத்தனாம் தேதி வீட்டில் இருக்க மாட்டோம், சாவி மாடி வீட்டில் இருக்கிறது, வந்து திரையை மாட்டிவிட்டுப் போங்கள் என்று எத்தனை பேர் நம்பி எழுதியிருக்கிறார்கள். ஸ்டூடியோக்காரர் எழுந்து போகும்போது, "ஒரு மணி நேரம் நானும் பேசட்டுமா, இல்ல ஒரு டீயோட விட்டுடட்டுமா?" என்று மட்டும் கேட்டார். இரண்டு டீ வாங்கிக் கொடுத்தேன். இப்போது கடையில் சட்டம் போட்டாகிவிட்டது. போனுக்கு வருகிற நம்பரை எவன் கேட்டாலும் சொல்லக்கூடாது, துணி மொத்தக் கடைக்காரர் கணக்கு மாறிவிட்டது என்று மெயில் போட்டால் நம்மிடம் இருக்கிற பழைய நம்பரில் கூப்பிட்டுக் குரலைக் கேட்ட பிறகுதான் அடுத்த வேலை, அவசரம் என்று எழுதியிருந்தால் முதலில் ஒரு டீ குடிக்க வேண்டும். கடைசிச் சட்டம் என்னுடையது. நீயும் அங்கே ஆபீஸில் ஜாக்கிரதையாக இரு, படித்தவர்கள் ஏமாறமாட்டார்கள் என்று நினைக்காதே.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன் கண்ணு, எனக்கு மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது. அந்தத் திருடன் மேல் எனக்கு ஆத்திரம்தான், ஆனால் சாப்பிட்டீர்களா என்று இந்த நாலு மாதத்தில் என்னை எழுதிக் கேட்டவன் அவன் ஒருத்தன்தான். அந்தத் தாளைக் கிழித்துப் போட எனக்கு அரை நாள் ஆயிற்று. உன்னைக் குறை சொல்லவில்லை, ஒரு ஜன்னல் திரையை இருபது வருஷம் தள்ளிப்போட்டவன் நான், நாலு மாதத்துக்கு உன்னைக் கேட்க எனக்கு வாய் ஏது. அம்மா இப்போது எதிரில் மடிப்பு வைத்துக்கொண்டிருப்பது உன் அறைத் திரைக்குத்தான், துணி நான் வெட்டியது. என்ன நிறம் என்று எழுதமாட்டேன். மெயிலில் கேட்டாலும் போனில் கேட்டாலும், நீயே கேட்டாலும் சொல்லமாட்டேன், வந்து பார்த்துத் தெரிந்துகொள். இந்தக் கடிதம் அசல்தான் என்பதற்கு அத்தாட்சியாக, உன் ஜன்னலிலிருந்து தண்ணீர் தொட்டுப் பக்குவமாக உரித்த அந்த ஸ்கோர் துண்டை உள்ளே வைத்திருக்கிறேன்.

நோய்நொடி இல்லாமல் மனநிறைவோடு நூறு வருஷம் நன்றாக இரு. பிரிண்டரை அணைத்துவிட்டேன், மாத்திரை போட்டுவிட்டேன், ஸ்கூட்டரை மட்டும் விடமாட்டேன். மறக்காமல் பதில் போடு, பாசமாகவெல்லாம் வேண்டாம், எங்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். முதல் வரியிலிருந்தே திட்டு, நீதான் என்று தெரிந்துகொள்கிறோம்.

இப்படிக்கு,
ஏமாந்தும் ஏமாறாத
உன் அப்பா

(படித்துப் பார்த்தேன், எல்லாம் உண்மை. அம்மா.)