முழுத் திருப்தி

குட்டியின் அப்பாவுக்கு,

குட்டியும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கப் போவதில்லை. போன செவ்வாய்க்கிழமை கம்பிக்கு அந்தப் பக்கம் பார்த்தேனே, சட்டைக் காலருக்குள் இன்னொரு கழுத்து நுழையும் அளவுக்கு இளைத்துவிட்டீர்கள். அந்த இரைச்சலில் நான் கத்தியதில் பாதி உங்களுக்குக் கேட்கவில்லை. நீங்கள் சொன்னதில் எனக்குக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நான்தானே ஓட்டினேன்" என்றீர்கள். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். சட்ட உதவி வக்கீலம்மா இதை உங்கள் கையிலேயே கொடுப்பார். படித்ததும் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

முதலில் வீட்டு விஷயம். சமையலறைக் குழாய் ஒழுகியதை நானே சரிசெய்தேன். உங்கள் ஸ்பானர்களில் எது எதற்கு என்று தெரியாமல் அத்தனையையும் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு அரை நாள் மல்லுக்கட்டினேன். இப்போது சொட்டுவதோடு சரி. ஜெராக்ஸ் கடையில் இனி முழு நாள் வேலை. கடைக்காரர் ஒன்றும் கேட்பதில்லை. அதையே பெரிய உதவியாக நினைக்கிறேன். குட்டி ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாள். கூடப் படிக்கிறவள் "உங்க அப்பா ஜெயில்ல இருக்காராமே?" என்று கேட்டதற்கு, "ஆமா, வண்டி ரிப்பேர்" என்று சொல்லியிருக்கிறாள். டீச்சர் வந்து சொன்னபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அந்த வண்டி விஷயத்துக்கு வருகிறேன். முதலாளி அதை லீசுக்கு எடுத்து வந்த புதிதில், தோல் சீட்டில் கறை படக்கூடாதென்று சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு ஏறுவீர்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, வண்டிக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்து, "மாப்பிள்ளை இன்னைக்கும் கோவிச்சுக்கிட்டாரு" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் நுழைய ஆரம்பித்தீர்கள். வெயிலில் ஒரு மணி நேரம் ஓடி, நெரிசலில் மெதுவாக ஊரும்போதுதான் மாப்பிள்ளைக்குக் கோபம் வரும். முன்னால் இருக்கும் திரை அணைந்துவிடும். பிரேக் மிதிக்க முடியாமல் கல்லாக இறுகிவிடும். வண்டி தானாக முன்னால் ஒரு பாய்ச்சல் பாயும். அடுத்த நொடியே ஒன்றும் நடக்காதது போல் சாதுவாகிவிடும். சர்வீஸ் சென்டர்காரர் காலையில் ஆறிக் கிடக்கும் வண்டியை வளாகத்துக்குள்ளேயே இரண்டு சுற்று ஓட்டிவிட்டு, குறை தென்படவில்லை என்று எழுதிக் கொடுப்பார். அவர் அப்படி எழுதித் தந்தால்தான் லீஸ் கம்பெனிக்குக் கவலை இல்லை. குறை இல்லாத வண்டியை நடுவில் திருப்பிக் கொடுத்தால் முதலாளிக்கு அபராதம். ஆகமொத்தம் மாப்பிள்ளையின் வியாதி யாருக்கும் வேண்டாம், உங்களைத் தவிர. நீங்கள் அதை நடித்துக் காட்டும்போது குட்டியும் நானும் விழுந்து விழுந்து சிரிப்போம். இப்போது அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

போன வாரம் முதலாளியின் வக்கீல் வீட்டுக்கு வந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். குட்டி எத்தனையாவது படிக்கிறாள் என்று விசாரித்தார். விபத்து நடந்தபோது அசதியில் கண் அயர்ந்துவிட்டது என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் இன்சூரன்ஸ் சிக்கல் இல்லாமல் முடியும், தண்டனையும் குறையும், குட்டியின் படிப்பை முதலாளி பார்த்துக்கொள்வார் என்றார். நீங்கள் பாதி சம்மதித்துவிட்டதாகவும், வருகிற வியாழக்கிழமை காகிதத்தோடு உங்களைப் பார்க்கப் போவதாகவும் சொன்னார். வாசல் வரை போனவர், போகிற போக்கில் கேட்பதுபோல, "பழைய சர்வீஸ் சீட்டு ஏதாவது வீட்டுல கெடக்காம்மா?" என்று கேட்டார். எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. எல்லாவற்றையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டேன் என்று அவர் முகத்தைப் பார்த்தே பொய் சொன்னேன்.

அவர் போனதும் அலமாரியைத் தலைகீழாகப் புரட்டினேன். ஒன்றும் இல்லை. அப்புறம்தான் நினைவு வந்தது. அந்த மஞ்சள் சீட்டுகளின் பின்பக்கம் வீணாகப் போகக்கூடாதென்று குட்டிக்குக் கணக்குப் போடக் கொடுப்பீர்களே. அவளுடைய பழைய பையில் பதினோரு சீட்டு இருந்தது. ஒரு பக்கம் பின்னக் கணக்கும் நீங்கள் போட்ட சரிக் குறிகளும். மறுபக்கம் தேதியோடு மாப்பிள்ளையின் வியாதி. பதினொன்றிலும் அடியில் ஒரே அச்சு: "வாகனத்தை ஓட்டிப் பார்த்தேன். குறை நீங்கியது. முழுத் திருப்தி." அதற்குக் கீழே உங்கள் கையெழுத்து. முதல் சீட்டில் கோடு இழுத்து, இரண்டு புள்ளி வைத்து அழகாகப் போட்டிருக்கிறீர்கள். போகப் போகப் புள்ளி காணாமல் போய், கோடு காணாமல் போய், கடைசியில் வெறும் கிறுக்கல். நீங்கள் இல்லாத வீட்டில் உங்களோடு சண்டை போட்டேன். ஓட்டிப் பார்க்காமல் எதற்குப் போட்டீர்கள் என்று கத்தினேன். பதில் எனக்கே தெரியும். போட்டால்தான் சாவி தருவார்கள். அங்கே முதலாளி மணி பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒன்பதாவது சீட்டில் மட்டும் உங்கள் கையெழுத்து இல்லை. அது முதலாளியுடையது.

மறுநாளே அதன் நகலை எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். முன்மேசையில் டை கட்டி உட்கார்ந்திருப்பாரே, அவர் முதலில் எதுவும் சொல்ல முடியாது என்றார். சீட்டைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு என்னை வெளியே அழைத்து வந்தார். அன்று நீங்கள் பேனாவை வாங்க மறுத்ததையும், "பயமா இருக்கு சார், ஓட்டிப் பாக்காம போட மாட்டேன்" என்றதையும், முதலாளியே இன்னொரு வண்டியில் வந்து எல்லார் முன்னாலும் கையெழுத்துப் போட்டு, "பயமா இருந்தா சாவியை வச்சிட்டு வீட்டுக்குப் போ" என்றதையும் சொன்னார். கோர்ட்டில் சொல்வாரா என்று கேட்டேன். தனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார். அன்றைக்குத்தான் தலைவலி என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சாவியை வைத்துவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

திரும்பும்போது அந்த வளாகத்திலேயே மாப்பிள்ளையைப் பார்த்தேன். போலீஸ் விட்டுவிட்டார்களாம். முன்பக்கம் புதிதாக மாற்றி, பளபளவென்று துடைத்து நிறுத்தியிருக்கிறார்கள். இன்னொரு கம்பெனிக்கு லீசுக்குப் போகிறதாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வதென்று இரண்டு நாளாக யோசித்தேன். சனிக்கிழமை கடைக்கு ஓர் அம்மா வந்து இறப்புச் சான்றிதழைப் பத்து நகல் எடுக்கச் சொன்னார். பெயரையும் தேதியையும் படித்ததும் யார் என்று தெரிந்துவிட்டது. மாப்பிள்ளை பாய்ந்ததில் செத்துப்போன அந்தத் தையற்காரரின் மனைவி. அவராகவே சொன்னார். "அந்த டிரைவர் தூங்கிட்டானாம்மா. ஒத்துக்கிட்டானாம், முதலாளி வக்கீல் வந்து சொன்னாரு. ஒரு நிமிஷம் முழிச்சிருந்தா இவர் ரோட்டைத் தாண்டியிருப்பார்." மிஷினிலிருந்து வந்த தாள்கள் சூடாக இருந்தன. அடுக்கி, உறையில் போட்டுக் கொடுத்தேன். நான் யார் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் போன பிறகு மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன்.

நீங்கள்தான் ஓட்டினீர்கள். அதை நான் மறுக்கவில்லை. அந்த அம்மாவுக்கு முன்னால் நம் இருவராலும் தலை நிமிர முடியாது, ஆயுசு முழுக்க. சாவியை வாங்கியதற்கு என்ன தண்டனை என்றாலும் வாங்கிக்கொள்ளுங்கள், நான் கூட நிற்கிறேன். ஆனால் நீங்கள் தூங்கவில்லை. அந்த அம்மாவுக்குப் பொய்யைக் கொடுத்தனுப்ப நாம் யார்? தூங்கிவிட்டேன் என்று நீங்கள் எழுதிக் கொடுத்த அன்றே மாப்பிள்ளை சர்வீஸ் சென்டர் வாசலைத் தாண்டிவிடும். அங்கேயும் எவளோ ஒருத்தியின் புருஷனிடம் மஞ்சள் சீட்டை நீட்டுவார்கள்.

குட்டியின் படிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். முதலாளி தயவில் படித்தால் அவள் பெரியவளானதும் ஏன் என்று கேட்பாள். மூலச் சீட்டுகள் வக்கீலம்மாவிடம் பத்திரமாக இருக்கின்றன. ஜெயிப்போம் என்று அவர் சொல்லவில்லை. வருஷக்கணக்கில் இழுக்கும் என்றுதான் சொன்னார். இழுக்கட்டும்.

குட்டியின் மதிப்பெண் அட்டை வந்திருக்கிறது. கணக்கில் வகுப்பிலேயே இரண்டாவது. பெற்றோர் கையெழுத்துப் போடும் இடத்தில் என்னைப் போட விடமாட்டேன் என்கிறாள். அப்பா வந்து போடுவார் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு, அட்டையை உங்கள் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். கோடு இழுத்து, இரண்டு புள்ளி வைத்து, அதில் வந்து போடுங்கள். எத்தனை வருஷம் ஆனாலும் அந்த இடம் காலியாகவே இருக்கும். அதுவரை உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், யார் பேனா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

வாசலைப் பார்த்திருக்கும்,
குட்டியின் அம்மா